ஊர் கூடிச் சுமந்த கடன்

ஒருவர் சுமக்க இயலாத பாரத்தைப் பலர் கூடிச் சுமந்தால் அஃது எளிதாகும். இவ்வுண்மையை உழவர்களின் கடன் வாழ்வில் மெய்ப்பித்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன்.

இவர் 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஜெர்மனியில் ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் படையில் சேர்ந்தார். கண்நோயால் அப்பணியை விட்டு விலகினார். 1845இல் வையர்புஷ் பகுதியின் ஊராட்சித் தலைவரானார்.

மறு ஆண்டு விளைச்சல் பொய்த்தது. குளிர்காலத்தில் மக்கள் பசியால் வாடினர். அரசு அனுப்பிய மாவைப் பணம் பெற்றுக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பது ஆணை. ரைஃபைசனோ கையில் பணமில்லாத வறியோர்க்கு அதனைக் கடனாக வழங்கினார். செல்வரிடம் பொருள் திரட்டிப் பொது அடுமனை ஒன்றையும் அமைத்தார்.

அக்காலத்தில் உழவர் பலர் மிகுந்த வட்டிக்குக் கடன்பட்டு, மாட்டையும் நிலத்தையும் இழந்தனர். அவர்களுக்கு உதவ, ரைஃபைசன் 1849இலும் 1854இலும் சங்கங்களை நிறுவினார். செல்வர்கள் பிணை நின்றனர். உழவர்கள் கடன் பெற்றனர். ஆனால், நாளடைவில் செல்வரின் ஆர்வம் குன்றியது. பிறர் இரக்கத்தை மட்டும் நம்பிய உதவி நிலைக்காது என்பதை ரைஃபைசன் உணர்ந்தார்.

எனவே, 1864இல் ஹெடெஸ்டார்ஃப் என்னும் ஊரில் புதிய கடன் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதில் கடன் பெறுவோரே உறுப்பினர், உறுப்பினரே உரிமையாளர். ஒருவர் கடனைச் செலுத்தத் தவறினால் அவ்விழப்பை அனைவரும் ஏற்க வேண்டும். ஆதலால், கேட்பவர் நாணயமானவரா, கடன் பயிருக்கும் கால்நடைக்கும் பயன்படுகிறதா என்று அனைவரும் கருத்தாய் நோக்கினர். சங்கத்தின் எல்லை சிறியது. ஒருவரை ஒருவர் அறிவர். வெளியூர் வட்டிக்காரர் அறிய இயலாததை அண்டை வீட்டார் அறிந்திருந்தனர். உழவரின் வருவாய்க்கு ஏற்பத் தவணைகள் வகுக்கப்பட்டன. நிருவாகிகள் ஊதியமின்றி உழைத்தனர். கணக்கர் மட்டுமே ஊதியம் பெற்றார். ஈட்டிய ஆதாயம் பொதுச் சேமநிதியில் சேர்ந்தது.

பார்வை மங்கியதால் 1865இல் ரைஃபைசன் பதவி துறந்தார். எனினும், மகள் அமாலியாவின் துணையுடன் எழுத்துப் பணியைத் தொடர்ந்தார். கடன் சங்கங்களைப் பற்றிய அவரது நூல் 1866இல் வெளிவந்தது. 1888ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் வகுத்த நெறி கடல் கடந்தும் பரவியது. சென்னை மாகாண அரசின் அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, ரைஃபைசனின் முறையை இந்நாட்டிற்குப் பரிந்துரைத்தார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. நீங்கள் வாழும் மாநிலத்திலும், உங்கள் தாத்தா பாட்டி வாழும் தமிழக ஊர்களிலும் உழவர்க்கு உதவும் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நெறியின் வழி வந்தவையே.

சொற்பொருள்
அடுமனை – ரொட்டி சுடும் இடம்
பிணை – பிறர் கடனுக்குப் பொறுப்பேற்றல்
நாணயம் – நேர்மை
சேமநிதி – எதிர்காலத் தேவைக்குச் சேர்த்து வைக்கும் பணம்

வினாக்கள்
1. ரைஃபைசன் மாவைக் கடனாக வழங்கியது ஏன்?
2. 1864ஆம் ஆண்டுச் சங்கம் முந்தைய சங்கங்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
3. உறுப்பினர்கள் கடனைத் தவறாமல் செலுத்துவதற்கு எவ்விதிகள் துணைநின்றன? உம் சொந்த நடையில் எழுதுக.