பெயரை எழுத முடியாத பெண்ணும் டாக்டர் அல்சைமரும்

சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் மூளைத் துருவை நீக்கும் காப்ஸ்யூல் என்று ஒரு செய்தி சுற்றியது. எனக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஆசையாகத்தான் படித்தேன். அதில் அல்சைமர் என்ற சொல் பத்து இடத்தில் வந்தது. அது ஒரு மனிதரின் பெயர். அவர் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

அலாய்ஸ் அல்சைமர் 1864-ல் ஜெர்மனியில் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். டாக்டருக்குப் படித்து, 1888-ல் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1901 தொடக்கத்தில் மனைவி இறந்தார். மூன்று சிறு குழந்தைகள். அதே ஆண்டு நவம்பரில் அவரிடம் வந்தவர்தான் 51 வயது அகஸ்டே டீட்டர். கணவர் ரயில்வே குமாஸ்தா. மனைவிக்கு மறதி, காரணமில்லாத சந்தேகம், இரவில் கூச்சல். அல்சைமர் எதிரே உட்கார்ந்து, கேட்டதையும் அவர் சொன்னதையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். காலிபிளவர் சாப்பிட்டுக்கொண்டே கீரை என்றார் அந்த அம்மாள். பெயரை எழுதச் சொன்னால் தொடங்குவார், முடிக்கத் தெரியாது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு பென்ஷன்தாரரின் ஸ்லிப்பை, மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். நான்காம் முறை முதல் எழுத்தோடு பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசை நீண்டிருந்தது, சிடுசிடுத்தேன். அவர் மனைவி தலைகுனிந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அல்சைமர் பிறகு மியூனிக் போனார். அங்கே முதலில் சம்பளம்கூட இல்லை. 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்ததும் அவர் மூளையை வரவழைத்து, வெள்ளி உப்புச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்குள் முறுக்கிய நூல் சிக்கல்கள், வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். அந்த நவம்பர் 3-ல் டூபிங்கன் கூட்டத்தில் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! 1910-ல் அவருடைய தலைவர் கிரேப்ளின்தான் தம் பாடநூலில் நோய்க்கு அவர் பெயரை வைத்தார்.

துரு விஷயம் அவருக்குப் பின் வந்தது. மாமல்லபுரம் பக்கம் கடலோர வீட்டு இரும்புக் கேட்டைப் பாருங்கள். பெயின்ட் அடித்த மறு வருஷமே துரு பிடித்திருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் துரு இல்லை. நம் மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அணுக்கள் அதை எரித்துச் சக்தி எடுக்கும்போது, தொட்டதையெல்லாம் அரிக்கும் சில துணுக்குகள் மிஞ்சும். உடல் அவற்றை அவ்வப்போது அடக்கிவிடும். வரவு மிஞ்சி, அடக்குவது குறைந்தால் மூளையின் கொழுப்பும் புரதமும் சேதமாகும். அல்சைமர் கண்ட படிவுகள் இந்த அரிப்பைக் கூட்டும். அரிப்பு படிவைக் கூட்டும். வட்டிக்கு வட்டி மாதிரி.

அப்படியென்றால் வைட்டமின் ஈ விழுங்கினால் போதுமே என்பீர்கள். சோதித்தார்கள்; இந்நோயைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. அந்தக் காப்ஸ்யூல் காசை மிச்சப்படுத்தி, வீட்டுப் பெரியவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

அல்சைமர் 1915 டிசம்பரில் இறந்தார். அவருக்கும் வயது 51. காணாமல் போயிருந்த அகஸ்டேயின் கோப்பு 1995-ல் பிராங்பர்ட்டில் கிடைத்தது. அவர் எழுத முயன்று பாதியில் விட்ட பெயரும் அதில் இருந்தது.