சில்லறைக் காசில் ஒரு தாயின் முகம்



புனித எலேனாவைத் திருச்சிலுவையைத் தேடிச் சென்ற அரசமாதா என்றே நீங்கள் அறிவீர்கள். அவருடைய முகம் ஒரு காலத்திலே உரோமைப் பேரரசின் சந்தைகளில் கைக்குக் கை மாறியது என்பதையும் அறிவீர்களா?

எலேனா சின்ன ஆசியாவிலுள்ள திரெப்பானும் என்ற ஊரில் எளிய குடியில் பிறந்தவர் என்பர். சத்திரத்தில் வேலை செய்தவர் எனப் புனித அம்புரோசியார் குறிப்பிடுகிறார். படைவீரரான கொன்ஸ்தான்சியுஸின் துணைவியாகிக் கொன்ஸ்தந்தீனைப் பெற்றெடுத்தார். ஆனால் உயர்பதவி கைகூடும் வேளை வந்ததும், கொன்ஸ்தான்சியுஸ் அவரைத் தள்ளிவிட்டு, பேரரசர் மக்சிமியானின் குடும்பத்துத் தெயோதோராவை மணந்துகொண்டார். அதன்பின் நெடுங்காலம் எலேனாவைப் பற்றி வரலாறு வாய்திறக்கவில்லை.

306இல் மகன் அரசரானார். 324இல் தனிப் பேரரசரானதும் தாய்க்கு அவுகுஸ்தா என்னும் பட்டத்தை அளித்தார். விரல்நுனி அளவான வெண்கலக் காசுகளின் முகப்பில் எலேனாவின் முகம் பொறிக்கப்பட்டது. மறுபக்கத்தில், மரக்கிளையொன்றைத் தாழப் பிடித்து நிற்கும் ஒரு பெண். அது நாட்டின் பாதுகாப்பைக் குறிக்கும் உருவம்.

அந்த அரண்மனையிலோ பாதுகாப்பு இருக்கவில்லை. 326இல் கொன்ஸ்தந்தீனின் கட்டளைப்படி அவருடைய மூத்த மகன் கிறிஸ்புஸ் கொல்லப்பட்டார். அரசி பவுஸ்தாவும் அவ்வாண்டே மாண்டார். அவருடைய காசில் இருந்ததோ இரு குழந்தைகளை ஏந்திய தாயின் உருவம்!

பேரனைப் பறிகொடுத்த எலேனா, முதிர்ந்த வயதிலே புனித நாட்டுக்குப் பயணமானார். பெத்லகேமிலும் ஒலிவ மலையிலும் ஆலயங்கள் எழுந்தன. ஏழைகளுக்கு வாரி வழங்கினார், சிறைப்பட்டோரை விடுவித்தார். திருச்சிலுவையைக் கண்டெடுத்தவர் அவரே என்பது 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரும் மரபு. 330ஆம் ஆண்டளவில், ஏறக்குறைய எண்பது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

337இல் கொன்ஸ்தந்தீன் இறந்தபின், அவருடைய மைந்தரின் ஆட்சியில் இன்னுஞ் சிறிய காசுகள் வெளிவந்தன. ஒன்றில் எலேனாவின் முகமும் சமாதானத்தின் உருவமும். மற்றொன்றில் தெயோதோராவின் முகமும் குழந்தையை மார்போடணைத்த தாயும். தள்ளப்பட்டவரும் அவரிடத்தைப் பெற்றவரும் ஒரே பணப்பையில் கிடந்தனர்.

4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமைச் சிறுகாசுகள் நம் இலங்கை மண்ணிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. எங்கேனும் அவற்றைக் காண நேர்ந்தால், வாசகரே, இந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் அவருக்கு மகன் கொடுத்தது. ஒதுக்கப்பட்டபின்பும் மனங் கசந்து போகாமல் ஏழைகளுக்குத் தாயானதே அவருடைய சொந்தச் செல்வம். ஆகஸ்ட் 18, அவருடைய திருநாளன்று, உங்கள் குடும்பத்திலும் அயலிலும் கைவிடப்பட்டிருப்போருக்காகச் செபியுங்கள். அவர்கள் வீட்டு வாசலையும் ஒருமுறை மிதியுங்கள்.