கொல்லிமலையில் ஒரு தகப்பன்



நம்ம நெமிலிச்சேரி சபையில் தகப்பன்மார் அநேகர் காலையிலேயே ரயிலைப் பிடிச்சு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போறவங்க. ராத்திரி வந்தா ஜெபக்கூட்டம். ஞாயிறு முழுக்க ஆராதனை, வீடு சந்திப்பு. அப்போ பிள்ளைகளுக்கு எப்போதான் நேரம்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு தேவ மனிதருடைய ஜீவியம்தான் ஞாபகத்துக்கு வரும். வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அவருடைய தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் ஐயாதான் அவர்.

1885-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். மிஷனரிகளுக்கான கல்லூரியில் கொஞ்சம் வைத்தியமும் கற்றுக்கொண்டு, 1907-ல் நம்ம நாட்டுக்கு வந்து, நாமக்கல் பக்கம் சேந்தமங்கலத்தில் தங்கினார். பாப்டிஸ்ட் சபைக்காரர், நம்ம பெந்தெகொஸ்தே சபை இல்லை. அதனாலென்ன? ஆத்தும பாரம் உள்ளவரை யார் தள்ள முடியும்?

சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தா கொல்லிமலை தெரியும். 4,000 அடி உயரம். அந்தக் காலத்தில் ரோடு கிடையாது, மலேரியாவுக்குப் பயந்து வெளியாட்கள் யாரும் மேலே தங்கமாட்டாங்க. ஐயா அங்கேதான் போனார். மலையில் தன் கையாலேயே மரவீடு கட்டினார். கறையான் ஏறாதபடி கால்களின் மேல் தகரத் தட்டு வைத்து, அதன்மேல் வீட்டை நிறுத்தினார். 1913-ல் லண்டனிலிருந்து ஊழியத்துக்கு வந்திருந்த ஈவ்லின் அம்மாவைக் கல்யாணம் பண்ணி, கொட்டுகிற மழையில் அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்! பணக்கார வீட்டுப் பெண், பாருங்க.

மலை ஜனங்களுக்குப் பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார். நரம்புச்சிலந்தி என்று ஒரு வியாதி இருந்தது. காலிலிருந்து புழு நூல் மாதிரி வெளியே வரும். இழுத்தா அறுந்துபோகும். தண்ணீரில் நிற்கவைத்து, குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாய் எடுப்பார். (2000-ல்தான் இந்தியாவில் அந்த வியாதி அடியோடு ஒழிந்ததென்று அறிவித்தார்கள்.) பள்ளிக்கூடம் வைத்தார், விவசாயமும் தச்சுவேலையும் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் வருஷக்கணக்கில் ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவரை எதிர்த்தவர்களில் ஒரு பூசாரியும் இருந்தார். முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் கொள்ளைக் காய்ச்சல் பரவினபோது பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்களே கிட்டே போகாத அந்த வீட்டுக்கு ஐயா போனார். சாகும் தருவாயில் பூசாரி தன் பெண்குழந்தையை அவரிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகே மலையில் கதவு திறந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவர் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. பால் 1914-ல் பிறந்தான், அடுத்து தங்கச்சி கோனி. ஐயாவுக்குக் காடு என்றால் உயிர். குதிரையிலும் கால்நடையாயும் கிராமம் கிராமமாய்ப் போகிறவர், வழியிலுள்ள மரம், பறவை, பூச்சி ஒன்றையும் சும்மா தாண்டமாட்டார். பிள்ளைகளைக் கூட்டிப்போய் கறையான் புற்றைக் காட்டி, உள்ளே அறை அறையாய் அது எப்படி வீடு கட்டுது, காற்று எப்படிப் போகுது என்று விளக்குவார். கட்டடக்காரர் கண்ணல்லவா! அவரிடம் சிருஷ்டியைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பையன்தான் பிற்காலத்தில் மனுஷக் கையின் அமைப்பைப் பார்த்து அதிசயித்து, அதையே தன் ஊழியமாக்கினான். நேரம் ஒதுக்கி ஒன்றும் செய்யவில்லை, போகிற வழியிலேயே பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் 1923-ல் பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பாலுக்கு 9 வயசு. அங்கே சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு அதுதான் வழக்கம். எனக்கு இது இன்றைக்கும் ஜீரணிக்க முடியாத காரியம். ஊழியத்தின் பேரில் பிள்ளைகள் கொடுத்த விலையை லேசாய்ச் சொல்லிவிட முடியாது.

ஐயா கடிதத்தைப் பிடித்துக்கொண்டார். கப்பல் தபாலில் மகனுக்கும் மகளுக்கும் விடாமல் எழுதினார். புத்தி சொல்லி நிரப்பினதில்லை. குதிரையில் போன மேட்டில் அடித்த காற்று, மரத்தின் வாசனை, குவிந்து கிடந்த சருகு, பாறையில் படர்ந்த பாசி, இதையெல்லாம் எழுதி, கர்த்தர் செய்ததைப் பார்த்து சந்தோஷப்படு என்கிற மாதிரி சொல்வார்.

அடுத்த வருஷம் விடுமுறையில் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க இருந்தார். 1929 ஜூன் 15-ல், மலேரியா முற்றி சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயசு 44. லண்டனுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் இருந்தன. அப்பா இறந்த செய்தி கேட்டு அழுத பையனுக்கு, அப்பா கையெழுத்தில் தபால் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது.

ஈவ்லின் அம்மா மலையை மறக்கவில்லை. வயசான காலத்திலும் மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராய்ப் போய் ஊழியம் செய்தார்கள். 1974 டிசம்பரில் 95 வயசில் மரித்தபோது, கொல்லிமலையில் ஐயாவுடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.