அழிவின் சுவடுகளை வாசித்தவர்

பொருளாதாரம் பயிற்றுவித்த ஆண்டுகளில் மாணவர்களிடம் நான் அடிக்கடி எழுப்பிய வினா ஒன்றுண்டு: நேரடியாக அளக்க இயலாத ஒன்றை எவ்வாறு அளப்பது? வறுமையை அளக்கக் கருவி ஏதுமில்லை. ஒரு குடும்பம் எதை உண்டது, எதை உண்ணாமல் விட்டது என்னும் சுவடுகளைக் கொண்டே அதை மதிப்பிடுகிறோம். இதே வழியில் காற்றை அளந்த ஒருவரின் வாழ்க்கையை ஓய்வுக்காலத்தில் விரும்பிப் படித்தேன். அவர், வானிலை அறிஞர் டெட்சுயா ஃபுஜிடா.

ஜப்பானின் கியூஷு தீவில் 1920 அக்டோபர் 23-ஆம் நாள் பிறந்தவர் அவர். ஹிரோஷிமா சென்று படிக்க எண்ணியவர், தந்தையின் விருப்பத்துக்கு இணங்கி ஊருக்கு அருகிலிருந்த மெய்ஜி கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றார். அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானத்தின் முதல் இலக்கு, அக்கல்லூரிக்கு அருகிலிருந்த கோகுரா நகரம். மேகமும் புகையும் நகரை மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. ஒரு நகரைக் காத்த மேகம் மற்றொரு நகருக்கு எமனாயிற்று.

சில வாரங்கள் கழித்து நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் ஃபுஜிடா களஆய்வு செய்தார். கல்லறைகளில் இருந்த மூங்கில் பூக்குவளைகளில் பதிந்த தீத்தடங்களைக் கொண்டு, குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது எனக் கணக்கிட்டார். வெடிப்பின் மையத்திலிருந்து மரங்கள் நாற்புறமும் ஆரம்போல் சாய்ந்து கிடந்த காட்சி அவர் மனத்தில் பதிந்தது.

பின்னர் இடிமழை மேகங்களை ஆராயத் தொடங்கினார். மேகத்திலிருந்து கீழிறங்கும் காற்றைப் பற்றிய தம் கட்டுரையைச் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோரஸ் பையர்ஸுக்கு அனுப்ப, அவரது அழைப்பின் பேரில் 1953-இல் அமெரிக்கா சென்றார்.

அமெரிக்காவின் நடுப்பகுதி, டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றுகளின் விளைநிலம். அக்காற்று எங்கு இறங்கும் என்று முன்கூட்டி அறிந்து கருவி வைக்க முடியாது; வைத்தாலும் கருவி தப்புவது அரிது. எனவே, காற்று விட்டுச்சென்ற சேதத்தையே கருவியாக்கினார் ஃபுஜிடா. 1971-இல் அவர் வெளியிட்ட அளவுகோலில், கிளைகள் முறிந்து புகைபோக்கிகள் சேதமுற்றால் எஃப்-0. உறுதியான வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்த்து வாரிச் செல்லப்பட்டால் எஃப்-5. ஒவ்வொரு படிக்கும் ஒரு காற்று வேகத்தை மதிப்பிட்டார்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 சுழல்காற்றுகள் வீசி, முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேதப்பகுதிகளை விமானத்திலிருந்து ஆராய்ந்தபோது, சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல், நாகசாகியில் கண்டதுபோல் ஆரவடிவில் சாய்ந்திருந்தன. மேகத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து தரையில் மோதிச் சிதறும் காற்றே காரணம் என அவர் முடிவுக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு ஜூன் 24-இல் நியூயார்க்கில் தரையிறங்கவிருந்த விமானம் நொறுங்கி 113 பேர் உயிரிழந்தனர். அதற்கும் இத்தகைய காற்றே காரணம் என்றார். அறிஞர்கள் பலர் ஐயுற்றனர். அவர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. களத்தில் ரேடார்களை நிறுத்தி, அக்காற்றைப் பதிவுசெய்து காட்டினார். இன்று விமான நிலையங்களில் அதைக் கண்டறிந்து எச்சரிக்கும் ரேடார்கள் உள்ளன. விமானிகள் அதற்கெனப் பயிற்சி பெறுகின்றனர். வாழ்நாளெல்லாம் சுழல்காற்றை ஆராய்ந்த அவர், ஒன்றை நேரில் கண்டது 1982-இல்தான் என்பது வியப்பு. 1998 நவம்பர் 19-இல் காலமானார்.

அவரது அளவுகோலுக்கும் குறை உண்டு. வலுவற்ற வீடு குறைந்த வேகத்திலேயே பெயர்ந்துவிடும். ஆகவே, உயர்படிகளுக்குக் குறித்த வேகங்கள் மிகையானவை எனப் பொறியாளர்கள் கண்டனர். கட்டடம், மரம் என 28 வகைகளைத் தனித்தனியே கணக்கில் கொண்டு, 2007-இல் அளவுகோல் திருத்தப்பட்டது. எனினும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. 2013 மே 31-இல் ஓக்லஹோமாவின் எல் ரினோ அருகே வீசிய சுழல்காற்றின் அகலம் நான்கு கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் வேகத்தை மணிக்கு 460 கிலோமீட்டருக்கும் மேல் எனக் காட்டியது ரேடார். ஆனால், அது பெரும்பாலும் வெட்டவெளியில் வீசியதால் அதிகாரபூர்வமாக இ.எஃப்-3 என்னும் தரமே பெற்றது. இடிப்பதற்கு ஏதுமில்லாத இடத்தில் புயலும் சிறியதாகிவிடுகிறது.

இதைப் படித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. பேரிடர் இழப்பைப் பண மதிப்பில் கணக்கிடும் முறையைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். மாளிகையின் கூரை பறந்தால் பேரிழப்பு. குடிசை முழுதும் பறந்தாலும் சிற்றிழப்பு. இழக்க அதிகமில்லாதவனின் துயரம் அந்த அட்டவணையில் சிறுத்தே தெரியும். கணக்கில் பிழையில்லை, ஆனால், அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று மாணவர்களுக்கு நான் போதிய அளவு சொல்லவில்லை.

அளவுகோல் இல்லாமல் அறிவியலும் இல்லை, ஆட்சியும் இல்லை. ஃபுஜிடா சேதத்தை எண்ணியதோடு நில்லாமல், சாய்ந்த மரம் எத்திசையில் கிடக்கிறது என்றும் பார்த்தார். விமானப் பயணிகளின் உயிர் காத்தது அந்தக் கூடுதல் பார்வையே. நிவாரணப் பட்டியல் தயாரிப்போருக்கும் அது வாய்க்க வேண்டும்.