பத்ராசலம் ராமதாஸர்: சிறையும் விடுதலையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மோக்ஷத்தை நம் பூர்வாசார்யர்கள் இரண்டு கூறாகப் பிரித்துக் காட்டுவர். வேண்டாதது கழிதல் ஒன்று. அது அநிஷ்ட நிவ்ருத்தி. வேண்டியது கைகூடுதல் மற்றொன்று. அது இஷ்ட ப்ராப்தி. ஸம்ஸாரமாகிற சிறை நீங்குவது முதற்கூறு. எம்பெருமானைக் கண்ணாரக் கண்டு அவனுக்குக் கைங்கர்யம் செய்வது இரண்டாம் கூறு. சிறை நீங்கினால் போதும் என்றிருப்பார்க்குக் கைவல்யம் உண்டு. ஆழ்வார்கள் அதனை விரும்பினார்களல்லர். இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வாலேயே விளக்கிய மஹநீயர் பத்ராசலம் ராமதாஸர்.

17-ஆம் நூற்றாண்டில், கோல்கொண்டா ஸுல்தான்களின் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு தேசத்தில், இன்றைய கம்மம் மாவட்டத்து நேலகொண்டபல்லியில் அவர் அவதரித்தார். பெற்றோர் லிங்கன்னா, காமாம்பா, இட்ட பெயர் கோபன்னா, குடிப்பெயர் கஞ்சர்லா. தானாஷா என வழங்கப்பட்ட அபுல் ஹஸன் குதுப் ஷாவிடம் அமைச்சுப் பணியாற்றிய அக்கன்னாவும் மாதன்னாவும் இவருக்கு மாமன்மார். அத்தொடர்பால் பால்வஞ்சப் பகுதியின் தாசில்தாராக, வரி தண்டும் பொறுப்பு இவருக்கு வாய்த்தது.

அப்பகுதியில் கோதாவரிக் கரையிலுள்ள குன்றே பத்ரகிரி. அங்கே சங்கு, சக்கரம், வில், அம்பு ஏந்திய நான்கு திருக்கைகளோடு, பிராட்டியை மடியில் இருத்தி, இளையபெருமாள் அருகிருக்க வைகுண்டராமன் எழுந்தருளியிருந்தான். தம்மக்கா என்னும் மூதாட்டி ஓலைப்பந்தல் இட்டு, காட்டில் கிடைத்த கனிகளைப் படைத்து ஆராதித்து வந்தாள். சக்ரவர்த்தித் திருமகன் ஓலைப்பந்தலின்கீழ் இருப்பதைக் கண்ட கோபன்னாவின் நெஞ்சு பொறுக்கவில்லை. கோயிலும் மதிலும் கோபுரமும் எழுந்தன, திருவாபரணங்கள் அமைந்தன. தண்டிய வரிப்பணம் அதற்கே செலவாயிற்று.

அப்பணம் அரசனுடையது. இதனை மரபு மறைப்பதில்லை. கணக்குக் கேட்ட தானாஷா கோபன்னாவைக் கோல்கொண்டாக் கோட்டையில் அடைத்தான். சிறைவாசம் 12 ஆண்டுகள் நீடித்தது என்பர். அவர் இருந்ததாகக் காட்டப்படும் இருண்ட அறையை இன்றும் அக்கோட்டையில் காணலாம். அதன் சுவரில் அவர் தம் கையால் செதுக்கியதாகச் சொல்லப்படும் திருவுருவங்கள் உள்ளன. கோயில் கட்டியவர்க்குச் சிறைச்சுவரே கோயிலாயிற்று.

அவர் பாடிய கீர்த்தனைகளில் சிறைத்துயரின் படிகள் எல்லாம் தெரிகின்றன. முதலில் கெஞ்சுகிறார். பிறகு பிராட்டியை நோக்கி, ஏகாந்தத்தில் பெருமாளிடம் தமக்காக ஒரு வார்த்தை சொல்லியருள வேண்டுகிறார். பிராட்டியின் புருஷகாரம் என்று நம் ஆசார்யர்கள் அருளிச்செய்த பொருள் இதுவேயன்றோ? அதற்கும் விடை வாராதபோது சினம் மூள்கிறது. மதிலுக்கு இவ்வளவு, கோபுரத்துக்கு இவ்வளவு, பிராட்டியின் பதக்கத்துக்கு இவ்வளவு என்று பெருமாளிடமே கணக்குச் சொல்லி ஏசுகிறார். உடனே நெஞ்சு நடுங்கி, அடி பொறாமல் பேசிவிட்டேன் என்று க்ஷமை வேண்டுகிறார். அந்நியனை எவரும் இப்படி ஏசுவதில்லை. வேறு புகல் இல்லை என்று அறிந்தவன் தன்னுடைய நாதனிடம் மட்டுமே இவ்வாறு பேசுவான்.

ஓரிரவு, ராமோஜி, லக்ஷ்மோஜி என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இளைஞர் இருவர் தானாஷாவின் பள்ளியறையில் தோன்றினர் என்பது மரபு. கோபன்னா செலுத்த வேண்டிய 6 லட்சம் பொற்காசுகளைக் கொட்டி, பற்றுச்சீட்டு வாங்கி, அதனை உறங்கிக்கொண்டிருந்த கோபன்னாவின் தலைமாட்டில் வைத்து மறைந்தனர்.

இலங்கையை அழித்தவனுக்குக் கோட்டைக் கதவு ஒரு தடையோ? ஆயினும் அவன் பூட்டை உடைக்கவில்லை, கடனைத் தீர்த்தான். தன் அடியான்மேல் அரசனுக்கு ஒரு காசும் பாக்கி இருக்கலாகாது என்பது அவன் திருவுள்ளம். கைங்கர்யத்துக்காகக் கப்பப் பணத்தைச் செலவிட்ட திருமங்கையாழ்வாரைச் சோழன் காவலில் வைத்தபோதும், காஞ்சிப் பேரருளாளன் வேகவதிக் கரையில் நிதி இருக்குமிடத்தைக் காட்டி, அரசன் கடனை அடைப்பித்தான் என்று குருபரம்பரை கூறுகிறது. நம்முடைய கர்மக் கணக்கும் அவ்வாறே. தீர்ப்பவன் அவன், பற்றுச்சீட்டு நம் தலைமாட்டில் இருக்கும்போது நாம் உறங்கிக்கொண்டிருக்கிறோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது விடுதலைக் கதை மட்டுமே. ஆனால் விழித்தெழுந்து, சீட்டைக் கண்டு, நடந்ததைக் கேட்ட கோபன்னா மகிழவில்லை, கதறினார். 12 ஆண்டுகள் அழைத்தவர்க்குக் கிடைத்தது காகிதம். அழையாதவனுக்குக் கிடைத்தது திருமுக தர்சனம்! சிறை நீங்கிய அன்றுதான் தாம் இத்தனை நாளும் ஏங்கியது கதவு திறப்பதற்கன்று என்பது அவருக்கே புலப்பட்டது போலும்.

தானாஷாவின் வாழ்வோ இதற்கு நேர்மாறாக முடிந்தது. 1687-இல் அவுரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றி அவனைத் தௌலதாபாத் கோட்டையில் சிறைவைத்தார். 1699-இல் அங்கேயே அவன் உயிர் நீத்தான். விடுதலை பெற்றவர் தர்சனத்துக்கு ஏங்கினார். தர்சனம் பெற்றவன் விடுதலையின்றி மாண்டான். காட்சி நிர்ஹேதுக க்ருபையால் வருவது. அதற்கு முறையீடும் விலையன்று, தகுதியும் விலையன்று.

சிறை மீண்ட ராமதாஸர் சென்ற இடம் பத்ராசலம். தாம் எழுப்பிய கோயிலில், தாம் ஏசிய பெருமாளின் திருமுன்பே கைங்கர்யத்தில் எஞ்சிய நாள்களைக் கழித்தார். பின்னாளில் த்யாகராஜ ஸ்வாமிகள் அவரைத் தம் கீர்த்தனைகளில் போற்றினார். இன்றும் ஸ்ரீராமநவமியன்று பத்ராசலத்தில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு அரசாங்கத்தின் சார்பில் முத்துகள் வருகின்றன. இவ்வழக்கம் தானாஷா தொடங்கியது என்பர்.

துன்பம் தீர வேண்டும் என்று நாமும் நாள்தோறும் வேண்டுகிறோம், அதில் தவறில்லை. தீர்ந்தபின் எதற்காக அழுவோம் என்பதை அறிந்தவர் ராமதாஸர். அந்தக் கண்ணீர் நமக்கும் உண்டாகும்படி பத்ராசல ராமன் அருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.