நேதாஜியை ஏற்றிவந்த கப்பலுக்கும் குட்டி நீர்மூழ்கிகளுக்கும் என்ன தொடர்பு?

புதுக்கோட்டை பக்கம் மலேயா, பர்மா போய்வந்த குடும்பங்களின் பழைய வீடுகளில் ராணுவ உடுப்பில் நேதாஜி படம் இன்னிக்கும் தொங்கும். அவர் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியா வந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். அந்தக் கப்பல் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தது என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை.

1897 ஜனவரி 23-ல் கட்டாக்கில் பிறந்தவர் சுபாஷ் சந்திர போஸ். ஐ.சி.எஸ். தேறியும் வேலையை உதறினார், இரண்டு முறை காங்கிரஸ் தலைவரானார், 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலில் இருந்து தப்பி பெர்லின் போனார். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கு.

1943 பிப்ரவரியில், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத மகள் அனிதாவையும் மனைவி எமிலியையும் விட்டுவிட்டு, கீல் துறைமுகத்தில் யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறினார். துணைக்கு ஆபித் ஹசன் மட்டும். இரண்டரை மாதப் பயணத்துக்குப் பிறகு, ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கர் அருகே ஜப்பானின் ஐ-29 வந்து சேர்ந்தது. ஆனா கடல் அடங்கவே இல்லை. கடைசியில் 28-ம் தேதி, அந்தக் கொந்தளிப்பிலேயே ரப்பர் படகில் இருவரும் கப்பல் மாறினார்கள். படகு கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இந்த ஐ-29-ல் இருந்து கிளம்பிய சின்ன விமானம்தான் 1942 மே 23-ல் சிட்னி துறைமுகத்தை வேவு பார்த்தது. எட்டு நாள் கழித்து, வேறு கப்பல்கள் சுமந்துவந்த மூன்று குட்டி நீர்மூழ்கிகள் துறைமுகத்துக்குள் நுழைந்தன. ஒவ்வொன்றும் சுமார் 24 மீட்டர் நீளம், பேட்டரியில் ஓடும். உள்ளே இரண்டே பேர், இரண்டு டார்பிடோ. ஒன்று வலையில் மாட்டியது. இன்னொன்றின் டார்பிடோ குறி தப்பி, குட்டாபுல் என்ற கப்பலை மூழ்கடித்ததில் 21 மாலுமிகள் இறந்தார்கள். உள்ளே போன ஆறு ஜப்பானியர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. குட்டி வகையின் சங்கடமே இதுதான். உள்ளே போகலாம், திரும்புவது கஷ்டம்.

அப்படியும் கடற்படைகள் இவற்றை ஏன் விடவில்லை? நம்ம கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடல் மாதிரி ஆழம் குறைந்த இடத்தில், நூறு மீட்டருக்கு மேல் நீளமான ஐ-29 போன்ற கப்பல் முழுகி ஒளியவே முடியாது. சின்னதுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஈரானும் வட கொரியாவும் இன்றும் வைத்திருப்பது அதனால்தான்.

மே மாதம் சுமத்ராவின் சபாங்கில் இறங்கிய போஸ், ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் திரண்டது அதன் பிறகுதான். 1944 ஜூலையில் அந்தப் படை இம்பாலில் இருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதே மாதம் 26-ம் தேதி, பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி ஐ-29 மூழ்கியது. போஸ் இறந்ததாகச் சொல்லப்படும் தைபே விமான விபத்து 1945 ஆகஸ்ட் 18-ல்.