கோவை ஜி. டி. நாயுடு

மாலையிற் பாடம் முடிந்தபின் இளைஞர் சிலர் ஓரறையிற் கூடிச் சிறு போர்ப்பொறிகள் சமைப்பதை நாம் கண்டதுண்டு. பழைய துளையிடும் கருவியிலிருந்து மோட்டாரைக் கழற்றி, இரும்புத் தகட்டில் இரு சக்கரம் பூட்டி, முன்புறம் சுழலும் அலகொன்று வைத்து, மற்றொரு பொறியோடு பொருதவிடுகின்றனர். உடைந்ததை அன்றிரவே பிரித்து மீண்டும் பூட்டுகின்றனர். இது வீண் விளையாட்டு என்று இகழ்வாரும் உளர். அன்னார் பொருட்டு, பிரித்துப் பூட்டும் விளையாட்டிலேயே தம் வாழ்வைத் தொடங்கிய கொங்கு நாட்டார் ஒருவரின் வரலாற்றைச் சுருங்க உரைப்பாம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு அவர்கள் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் பற்றவில்லை. தொடக்கக் கல்வியோடு அது நின்றது. ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் ஊர்ந்துவந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளே அவருக்கு ஆசானாயிற்று. மாடும் குதிரையுமின்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட நாள் முதல் அவர்க்கு வேறு நினைவில்லை. கோவைக்கு வந்து உணவு விடுதியொன்றிற் பரிமாறும் ஊழியம் பூண்டு, மூன்றாண்டு காசு சேர்த்து, அவ்வண்டியையே ரூ.300 கொடுத்து வாங்கினார். வாங்கியவர் அதன்மீதேறி வீதியுலா வந்தாரோ எனின், இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப்போட்டார். பின் ஒவ்வோர் உறுப்பாகப் பூட்டினார். அவர் பயின்ற பொறியியற் கல்லூரி இதுவே.

1920-இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கி, தாமே ஓட்டினார். 1933-க்குள் அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸில் 280 வண்டிகள் ஓடின. இவ்வளர்ச்சியை வியப்பார் பலர். நமக்கோ அதன் பின் நிகழ்ந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவையை எட்டியது. ஆழ்கிணற்றிற் கவலை பூட்டி மாட்டால் நீரிறைத்த நாடு இது. மின்சாரம் வந்தும், அதனை ஏற்றுச் சுழலும் மோட்டார் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. 1937-இல் பீளமேட்டிலிருந்த தம் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. பாலசுந்தரம் அவர்களோடு கூடி, இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். கம்பிச்சுருளிற் பாயும் மின்சாரம் காந்தவிசையாகி அச்சைச் சுழற்றும் என்பது ஏட்டில் எளிது. சுருளில் ஓரிடத்தில் மேலுறை கெட்டாலும் மோட்டார் சூடேறிக் கருகும் என்பதைச் சுற்றின கைகளே நன்கறியும்.

உலர்மின்கலத்தால் இயங்கும் ‘ரேசன்ட்’ என்னும் சவரக் கருவியில் அவர் அமைத்தது கைக்குள் அடங்கும் மோட்டார். மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, வாக்குப் பதியும் யந்திரம், பழச்சாறு பிழியும் பொறி என அவர் கை தொட்டவை பல. 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை ரூ.70-க்குத் தரலாமென்று செய்து காட்டினார்.

1945-இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பள்ளியும் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் தலைவராயிருந்த நாயுடு அவர்கள், நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டே போதும் என்றார். அரசாங்கம் இசையவில்லை; அவர் விலகிக்கொண்டார். கல்லூரி மலரில் இதனை வரைய நமக்குச் சற்றுக் கூச்சமே. கணிதமும் பௌதிகமும் இரண்டாண்டில் அடங்கா என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் நான்காண்டு பயின்றும் ஒரு திருகாணியைக் கழற்றியறியாத பட்டதாரியை அவர்முன் நிறுத்தி வாதாட நமக்குத் துணிவில்லை.

1952-இல் இருவர் அமரும் மோட்டார் காரொன்றை ரூ.2,000 விலையில் ஆக்க முற்பட்டார். உரிமம் கிடைக்கவில்லை, அம்முயற்சி அத்தோடு நின்றது. வரிச்சுமையும் அவரை வாட்டியது. அதே பத்தாண்டில், தம் கைப்பட ஆக்கிய பொருள்களைப் பலர் காணத் தாமே உடைத்துத் தம் கண்டனத்தைக் காட்டினார். விளையாட்டில் உடையும் பொறியை மறுநாள் பூட்டலாம். அன்று உடைந்தவற்றை அவர் மீண்டும் பூட்டவில்லை. அச்செயல் தகுமா என்று நம்மிடையே இருவேறு கருத்துண்டு. எத்துணை மனம் நொந்திருப்பின் அவ்வாறு செய்திருப்பார் என்பதில் மட்டும் கருத்து வேற்றுமையில்லை.

1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவிநாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் காட்சிச் சாலையில் அந்த ரட்ஜ் வண்டி, எல்லா உறுப்பும் பூட்டப்பெற்று, நிற்கிறது.